குளிர்கடல் சிப்பிகளுக்கு வெயில், பனி, அமிலம் வந்தா என்ன ஆகுது? அடிக்கடி கேக்கற கேள்விகள்

2021 ஜூன் கடைசில கனடாவோட மேற்குக் கரையிலயும் அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துலயும் ஒரு வெப்ப அலை வந்துச்சு, ஹீட் டோம்னு நியூஸ்ல சொன்னாங்களே அது. லிட்டன்ங்கற சின்ன ஊர்ல ஜூன் 29 அன்னிக்கு 49.6 டிகிரி போச்சு, அடுத்த நாள் அந்த ஊரே எரிஞ்சு போச்சு. மனுஷங்க செத்தது எல்லாருக்கும் தெரியும். அதே வாரத்துல கடற்கரைப் பாறையில ஒட்டிக்கிட்டிருந்த மஸல் (கறுப்பு ஓட்டு சிப்பி), பார்னக்கிள் (பாறையில ஒட்டி வாழற சின்ன ஓட்டு உயிர்), ஆய்ஸ்டர், மணல்ல இருக்கற மட்டின்னு கோடிக்கணக்குல செத்தது நிறைய பேருக்கு தெரியாது. வான்கூவர் பக்கம் கரைக்குப் போகும்போது கூட வர்ற நண்பர்கள் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன், சிலது சின்ன பதில், சிலதுக்கு கொஞ்சம் பொறுமை வேணும்.

மஸல் எல்லாம் தண்ணிக்குள்ள தானே இருக்கு, வெயில் எப்படி அதைக் கொல்லும்?

பாதி நாள் தான் தண்ணிக்குள்ள. கடல் உள்வாங்கும்போது பாறையோட சேந்து அதுவும் வெளியில வந்துடும், சில மணி நேரம் காத்துலயும் வெயில்லயும் தான் கிடக்கணும். அங்க கடல் தண்ணி கோடையிலயே சில்லுன்னு இருக்கும், ஆனா கறுப்பு ஓடு, கறுப்பு பாறை, மேல உச்சி வெயில்னு சேந்தா அந்த மஸலோட உடம்பு சூடு காத்தை விட 10, 15 டிகிரி கூட ஏறிடும். அந்த வாரம் பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டியோட உயிரியலாளர் கிறிஸ் ஹார்லி வான்கூவர் கரையில தெர்மல் கேமரா வெச்சுப் பாத்தப்ப பாறை மேல 50 டிகிரிக்கு மேல காட்டுச்சு. மஸலுக்கு 40 டிகிரிய ஒட்டி வந்தாலே உயிருக்கு ஆபத்து.

அப்போ கரை முழுக்க ஒரே மாதிரி செத்திருக்கணுமே?

இல்ல, எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது இந்த விஷயம் தான். பசிபிக் பெருங்கடலை நேரா பாத்திருக்கற வெளிக்கரையில பெருசா பாதிப்பு இல்ல, உள்ள தள்ளி இருக்கற சாலிஷ் கடல்ல தான், அதாவது வான்கூவர், சியாட்டில், நடுவுல இருக்கற தீவுகள் பக்கம் தான் கொத்துக் கொத்தா செத்துச்சு. காரணம் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கறது, வர்ற நேரம். கோடையில வெளிக்கரையில கடல் ரொம்ப உள்வாங்கறது விடியக்காலையில, அதனால மஸல் வெளியில இருக்கும்போது குளிரும் மூடுபனியும் தான். சாலிஷ் கடலுக்குள்ள அந்த ஓதம் சுத்தி வந்து சேர நேரம் ஆகுது, அதனால அங்க உள்வாங்கறது நடுப்பகல்ல. அந்த வருஷம் ஜூன் 24 பௌர்ணமி, பௌர்ணமிய ஒட்டின நாள்ல கடல் வழக்கத்தை விட அதிகமா உள்வாங்கும்னு நமக்கு தெரியும், அதுக்கு அடுத்த நாலஞ்சு நாள்லயே வெப்ப அலை உச்சத்துக்கு வந்துச்சு, ஆக வெயில், உச்சிப்பொழுது, பெரிய ஓதம் மூணும் ஒண்ணா வந்து விழுந்துச்சு. சராசரி வெப்பம் எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு இந்த உயிர்களுக்கு என்ன ஆகும்னு சொல்லவே முடியாது, எந்த மணிக்கு அது வெளியில கிடந்துச்சுங்கறது தான் கணக்கு.

ஒரே பாறையிலயே வித்தியாசம் இருந்துச்சு. வடக்கு பாத்த பக்கம், நிழல் விழற இடுக்கு, கடல்பாசி மூடியிருந்த இடம்னு இங்கல்லாம் உயிரோட இருந்துச்சு, தெற்கு பாத்த பக்கம் வாயைப் பொளந்து கிடந்துச்சு.

நூறு கோடி செத்துச்சுன்னு சொன்னாங்களே, யாரு எண்ணினாங்க?

ஒண்ணு ஒண்ணா யாரும் எண்ணல. சின்ன சதுரம் போட்டு அதுக்குள்ள செத்தது எத்தனைன்னு எண்ணி, அந்த மாதிரி பாறைக்கரை மொத்தம் எவ்ளோ நீளம் இருக்குன்னு பாத்து பெருக்கறது தான். மஸல் படுகையில ஒரு சின்ன இடத்துலயே ஆயிரக்கணக்குல இருக்கும், அதனால கணக்கு சீக்கிரம் ஏறிடும். ஹார்லி சொன்னது நூறு கோடிக்கு மேலன்னு, அது மஸல் மட்டும் இல்ல, பார்னக்கிள், நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் சேத்து. தோராய கணக்கு தான், ஆனா கரையில அடிச்ச நாத்தத்தை அனுபவிச்சவங்க யாரும் அதை மிகைன்னு சொல்ல மாட்டாங்க.

வெயில்ல மாட்டிக்கிட்ட மஸல் உள்ளுக்குள்ள என்ன தான் பண்ணுது?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா மத்த எல்லா கேள்விக்கும் பதில் இதுக்குள்ள தான் இருக்கு.

மஸலால ஓட முடியாது. அதுக்கிருக்கற ஒரே வழி ஓட்டை இறுக்கி மூடிக்கிட்டு தண்ணி திரும்ப வர்ற வரைக்கும் காத்திருக்கறது. மூடினா ஈரம் போகாது, ஆனா ஆக்சிஜனும் உள்ள வராது. அதனால உடம்பு தன்னோட செலவை சுருக்கிக்கும், கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் மட்டும் ஓட்டுவோமே அந்த மாதிரி, வழக்கமான செலவுல பத்துல ஒரு பங்குக்கும் கீழ இறங்கிடும். சேத்து வெச்ச கிளைக்கோஜனை, அதாவது உடம்புல இருக்கற சர்க்கரைக் கையிருப்பை, ஆக்சிஜன் இல்லாமலே உடைச்சு ஓட்டும். நம்ம தசைல லாக்டிக் ஆசிட் சேர்ற மாதிரி அதுக்கு சக்சினேட், அலனின்னு வேற சரக்கு சேரும், அது கொஞ்சம் மெதுவான, சிக்கனமான வழி. ஆனாலும் உடம்புக்குள்ள அமிலம் ஏறும். அதை சமாளிக்க என்ன பண்ணுதுன்னா தன்னோட ஓட்டோட உள்பக்கத்தையே கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும், அந்த சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். வெளியில பாத்தா கல்லு மாதிரி சும்மா கிடக்கு, உள்ள தன் வீட்டு சுவத்தையே சுரண்டி செலவு பண்ணிக்கிட்டிருக்கு!

இதோட சூடும் சேந்தா இன்னொரு பிரச்சனை. சூட்டுல புரோட்டீன் எல்லாம் மடிப்பு கலைஞ்சு உருக்குலைய ஆரம்பிக்கும். அதைப் பிடிச்சு திரும்ப மடிச்சு விடறதுக்குன்னே ஹீட் ஷாக் புரோட்டீன்னு ஒரு கூட்டம் இருக்கு, சூடு ஏறினதும் உடம்பு அதை ஏராளமா தயார் பண்ணும். அதுவும் ஓசில வராது, எனர்ஜி வேணும். செலவை சுருக்கணும்னு ஒரு பக்கம், ரிப்பேருக்கு செலவு பண்ணணும்னு இன்னொரு பக்கம். இதயத் துடிப்பு சூடு ஏற ஏற கூடிக்கிட்டே போய் ஒரு அளவுக்கு மேல திடீர்னு சரியும், ஆராய்ச்சியாளர்கள் ஓட்டு மேல இன்ஃப்ராரெட் சென்சார் ஒட்டி இந்த சரியற புள்ளிய கண்டுபிடிக்கறாங்க. அதைத் தாண்டி சூடு நீடிச்சா ஓட்டை மூடி வெச்சிருக்கற தசையும் விட்டுடும், மஸல் வாயைப் பொளக்கும், அப்புறம் தண்ணி வந்தாலும் மூடாது.

தண்ணி நேரத்துக்கு வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க, உடனே எல்லாம் சரியாகிடாது. சேந்த கழிவை எரிக்கணும், கெட்டுப்போன புரோட்டீனை அப்புறப்படுத்தணும், கரைச்ச ஓட்டை திரும்பப் பூசணும். அடுத்த நாள் மறுபடியும் அதே வெயில்னா பழைய கடன் தீரறதுக்குள்ள புதுக் கடன். 2021ல ஒரு நாள் வெயில் இல்ல, வரிசையா பல நாள் வெயில்.

அதோட உடம்பு சூடு இவ்ளோன்னு எப்படி அளக்கறாங்க? தெர்மாமீட்டர் வெச்சா?

பிரையன் ஹெல்முத்ங்கற அமெரிக்க விஞ்ஞானி ரோபோ மஸல்னு ஒண்ணு பண்ணினார். மஸல் அளவுலயே, அதே நிறத்துல, நிஜ மஸல் எப்படி சூடு பிடிக்குமோ அப்படியே சூடாகற மாதிரி ஒரு வார்ப்பு, உள்ள ஒரு சின்ன சென்சார். அதை நிஜ மஸல்களுக்கு நடுவுல ஒட்டி விட்டுட்டா சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டைக் குறிச்சு வெச்சுக்கும். 1990கள் கடைசில இருந்து உலகத்துல பல கரைகள்ல இதை வெச்சிருக்காங்க. தெற்கே போகப் போக சூடு சீரா கூடும்னு தான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க, ஆனா அமெரிக்க மேற்குக் கரையில வடக்கே இருக்கற சில இடங்கள் தெற்கை விட மோசமா இருக்குன்னு இது காட்டுச்சு, அதுக்கும் காரணம் ஓதம் நேரம் தான்.

எல்லா வகையும் ஒரே மாதிரி தாங்குமா?

தாங்காது. எங்க வாழுதுங்கறதும் எந்த வகைங்கறதும் சேந்து தான் முடிவு பண்ணும். ஹீட் டோம்ல காக்கிள்னு ஒரு மட்டி ரொம்ப அடி வாங்குச்சு, அது மணல்ல மேலாப்புல தான் இருக்கும், ஆழமா புதையத் தெரியாது. பட்டர் கிளாம்ங்கற இன்னொரு மட்டி ஒரு அடி ஆழத்துல புதைஞ்சிருக்கும், அந்த ஆழத்துல மணல் சில்லுன்னு இருந்ததால தப்பிச்சுது.

மஸல்லயே உள்ளூர் பே மஸல் குளிருக்குப் பழகினது, அதுக்கு இதயம் சரியற சூடு மெடிட்டரேனியன் மஸலை விட சில டிகிரி கம்மி. கப்பல்ல வந்து சேந்த மெடிட்டரேனியன் மஸல் தெற்கு கலிஃபோர்னியா கரையில உள்ளூர் மஸல் இருந்த இடத்தையே பிடிச்சிடுச்சு. வெப்பம் கூடக் கூட அது இன்னும் வடக்கே நகரும்னு தான் பயப்படறாங்க.

பனிக்காலத்துல உறைஞ்சு போகாதா?

உறையும், உறைஞ்சும் பிழைக்கும். இதைக் கேட்டா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. சாலிஷ் கடல்ல பனிக்காலத்துல பெரிய உள்வாங்கல் ராத்திரில வரும், அதாவது கோடையில உச்சி வெயில்ல வெளியில கிடக்கற அதே மஸல் குளிர்காலத்துல நடுராத்திரி குளிர்ல வெளியில கிடக்கும், ரெண்டு பக்கமும் அடி. மைனஸ் டிகிரில அதோட உடம்பு திரவம் நிஜமாவே ஐஸ் ஆகும், ஆனா ஐஸ் செல்லுக்கு வெளியில இருக்கற திரவத்துல தான் கட்டும், செல்லுக்குள்ள இருக்கற தண்ணி வெளியேறி செல் சுருங்கிக்கும். அந்த சுருக்கத்தைத் தாங்க அமினோ ஆசிட் மாதிரியான சின்ன மூலக்கூறுகளை முன்கூட்டியே சேத்து வெச்சிருக்கும். அமெரிக்காவோட கிழக்குக் கரையில கான்விஷர்ங்கறவர் 1955லயே இதை எழுதினார், கரையோர உயிர்கள்ல உடம்புத் தண்ணில பாதிக்கு மேல ஐஸ் ஆனாலும் பிழைச்சுக்குதுன்னு.

கடல் அமிலமாகுதுன்னு சொல்றாங்களே, ஓடு கரைஞ்சு போயிடுமா?

வளந்த சிப்பிக்கு அவ்ளோ சீக்கிரம் கரையாது. அடி விழறது குஞ்சுக்கு.

இதுக்கு நல்ல உதாரணம் ஆரிகன் மாநிலத்துல நெட்டார்ட்ஸ் பே கரையில இருக்கற விஸ்கி கிரீக் ஹேச்சரி, அதாவது குஞ்சு பொரிக்கற இடம். மேற்குக் கரை ஆய்ஸ்டர் பண்ணைகளுக்கு குஞ்சு குடுக்கற பெரிய இடம். 2007ல திடீர்னு தொட்டி தொட்டியா குஞ்சு செத்துச்சு, உற்பத்தி நாலுல மூணு பங்கு விழுந்துச்சு. முதல்ல விப்ரியோ பாக்டீரியான்னு நினைச்சு பெரிய செலவுல ஃபில்டர் எல்லாம் போட்டாங்க, பாக்டீரியா போச்சு, சாவு நிக்கல. அப்புறம் தான் கவனிச்சாங்க, வடக்கு காத்து பலமா அடிச்சு கடலடித் தண்ணி மேல வர்ற நாட்கள்ல தான் இது நடக்குதுன்னு. அந்த ஆழத் தண்ணி 30ல இருந்து 50 வருஷத்துக்கு முன்னாடி கடைசியா காத்தைத் தொட்டது, கீழ கிடந்தப்ப மக்கற பொருள்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடும் அதுல சேந்திருக்கும், தொழிற்சாலைப் புகைல இருந்து கடல் இழுத்துக்கிட்டதும் அதுக்கு மேல சேந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சா தண்ணி அமிலப் பக்கம் போகும், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறையும். 2012ல ஆலன் பார்ட்டன், பர்க் ஹேல்ஸ் இவங்கல்லாம் சேந்து இதை ஆதாரத்தோட வெளியிட்டாங்க.

குஞ்சு ஏன் சாகுதுன்னா, முட்டையில இருந்து ரெண்டு நாள்ல அது முதல் ஓட்டைக் கட்டியாகணும். அந்த ரெண்டு நாள்ல வாய் கூட சரியா இருக்காது, சாப்பிட முடியாது, முட்டைல அம்மா வெச்சு விட்ட எனர்ஜி மட்டும் தான். ரெண்டு நாள் முடியும்போது உடம்பு எடையில முக்கால்வாசிக்கு மேல ஓடாவே இருக்கும், அவ்ளோ வேகமா கட்டுது. தண்ணில கார்பனேட் கம்மியா இருந்தா அதே ஓட்டைக் கட்ட அதிக எனர்ஜி ஆகும், கையிருப்பு தீந்துடும். சிலது அப்பவே சாகும், சிலது தப்பிச்ச மாதிரி தெரியும், வாரக்கணக்குல கழிச்சு வளராம சாகும். கண்ணுக்கு முன்னாடி ஓடு கரையறதே இல்ல, அதனால தான் இதைப் புரிஞ்சுக்க அவ்ளோ நாளாச்சு.

ஹேச்சரி கண்டுபிடிச்ச வழி எளிமையானது. தொட்டித் தண்ணில சோடா ஆஷ்ங்கற காரப் பொடியைக் கலந்து கார்பனேட்டை ஏத்தறாங்க, முடிஞ்ச வரைக்கும் மத்தியானத்துக்கு மேல தண்ணி எடுக்கறாங்க, ஏன்னா பகல் முழுக்க கடல்புல் ஒளிச்சேர்க்கை பண்ணி கார்பன் டை ஆக்சைடை இழுத்திருக்கும். உற்பத்தி திரும்ப வந்துச்சு. ஆனா தொட்டிக்குத் தான் சோடா ஆஷ் போட முடியும், கடலுக்குப் போட முடியாது.

மஸல் பாறைல ஒட்டிக்கற நூலுக்கும் பாதிப்பு உண்டா?

உண்டு. அந்த நூலை தன்னோட காலால ஒவ்வொண்ணா வார்த்து, நுனியில பசை வெச்சு பாறைல ஒட்டும். அந்தப் பசை இறுகறதுக்கு கடல் தண்ணியோட காரத்தன்மை வேணும். தண்ணி சூடானாலோ அமிலமானாலோ நூல் பலவீனமாகுதுன்னு வாஷிங்டன் யுனிவர்சிட்டில எமிலி கேரிங்டனோட குழு காட்டினாங்க. மஸலுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கும், ஒரு புயல் வந்தா கொத்தா பேத்துக்கிட்டு போயிடும். கயிறுல தொங்கவிட்டு வளக்கற பண்ணைக்காரங்களுக்கு இது நேரடி நஷ்டம்.

ஆக்சிஜனே இல்லாம ரொம்ப நாள் இருக்கற சிப்பி ஏதாவது இருக்கா?

ஓஷன் குவாஹாக்னு வட அட்லாண்டிக்ல ஒரு மட்டி. அது தானாவே மணலுக்குள்ள இறங்கி, மூடிக்கிட்டு, நாள்கணக்குல ஆக்சிஜன் இல்லாம கிடக்கும், அப்புறம் மேல வரும். 2006ல ஐஸ்லாந்து பக்கம் பிடிச்ச ஒண்ணோட ஓட்டு வளையத்தை எண்ணினப்ப 507 வயசு, மிங்னு பேர் வெச்சாங்க. மெதுவா வாழறது தான் அந்த ஆயுசுக்கு ஒரு காரணம்னு கருதறாங்க. ஓட்டு வளையத்துல பழைய காலத்து கடல் வெப்பமும் பதிவாகி இருக்கறதால காலநிலை ஆராய்ச்சிக்கு இது பெரிய புதையல்.

நண்டு, லாப்ஸ்டரும் இதே மாதிரி தானா?

அதுங்க நடக்கும், அதனால கதை வேற. பெரிங் கடல்ல ஸ்னோ கிராப் 2018க்கும் 2021க்கும் நடுவுல ஆயிரம் கோடிக்கு மேல காணாமப் போச்சு. சூடு நேரடியா கொல்லல, லேப்ல அது 12 டிகிரி வரைக்கும் தாங்குது, அங்க கடலடி அவ்ளோ சூடாகவே இல்ல. ஆனா தண்ணி 0ல இருந்து 3 டிகிரி ஆனாலே அதுக்கு வேண்டிய சாப்பாடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது, கூட்டமோ அப்போ ரொம்ப பெருசு, சில்லுன்னு இருக்கற இடமோ சுருங்கிப் போச்சு. பட்டினில போயிடுச்சுன்னு 2023ல வந்த ஆய்வு சொல்லுது. 2022ல அலாஸ்கால அந்த மீன்பிடியை முதல் தடவையா மூடினாங்க, நண்டை நம்பியே இருந்த செயின்ட் பால் தீவு மாதிரி ஊர்களுக்கு அது பேரிடி.

போகப் போக பழகிக்காதா?

கொஞ்சம் பழகும். மிதமான சூட்டை ஒரு தடவை பாத்த மஸலுக்கு ஹீட் ஷாக் புரோட்டீன் கையிருப்பு இருக்கறதால அடுத்த தடவை கூடத் தாங்கும். அந்தப் பழக்கத்துக்கு நாள் வேணும், ஹீட் டோம் மாதிரி வசந்த காலத்துல இருந்து நேரா உலைக்குள்ள தள்ளினா பழக நேரமே இல்ல. கோடை தொடக்கம் முட்டை போடற காலமும் கூட, கையிருப்பெல்லாம் முட்டைக்கே போயிருக்கும். இன்னொரு விஷயம், பண்ணைல நிறைய வளக்கறது டிரிப்ளாய்டு ஆய்ஸ்டர், மூணு செட் குரோமோசோம், முட்டை போடாததால வேகமா சதை போடும், கோடையிலயும் ருசி கெடாது. ஆனா அடுத்தடுத்து வெப்பம் வந்தா சாதாரண ஆய்ஸ்டரை விட அது அதிகமா சாகுதுன்னு ஆய்வு வந்திருக்கு. லாபத்துக்காக எடுத்த முடிவு வெயில்ல திரும்பி அடிக்குது, பண்ணைக்காரங்க இதை சீரியஸா எடுத்துக்கணும்.

மெதுவான அழிவும் இருக்கு, அது நியூஸ்ல வராது. கிழக்குக் கரையில மெய்ன் வளைகுடால 40 வருஷத்துல மஸல் 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு, ஒரே நாள்ல இல்ல, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா.

வெப்ப அலைக்கு அப்புறம் பொறுக்கி சாப்பிடலாமா?

வாய் பொளந்து கிடக்கறதைத் தொடவே வேணாம். சூட்டுல விப்ரியோ வேகமா பெருகும், 2021 ஜூலைல வாஷிங்டன்ல ஆய்ஸ்டர் பச்சையா சாப்பிட்டு நிறைய பேருக்கு வயித்துப்போக்கு வந்துச்சு. நல்லா வேகவெச்சா விப்ரியோ சாகும். ஆனா சிவப்பு அலை, அதாவது கடல்ல விஷப் பாசி பெருகற சமயத்துல வர்ற பாசி விஷம் எவ்ளோ கொதிக்க வெச்சாலும் போகாது, பட்டர் கிளாம்ல அது ஒரு வருஷத்துக்கு மேலயும் தங்கும். பாத்தா, மோந்தா, ருசிச்சா தெரியாது. எந்தக் கரையில பொறுக்கக் கூடாதுன்னு அரசாங்கம் போடற மூடல் மேப்பைப் பாக்காம போகவே போகாதீங்க.

இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

புகையைக் குறைக்கறது தான் மூல வைத்தியம். அது நடக்கற வரைக்கும் கரையிலயே செய்யக்கூடியது இருக்கு, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மண்ணோட பூர்வகுடி மக்களோட மட்டித் தோட்டம். ஓதம் ரொம்ப உள்வாங்கற கோட்டுல கல்லை அடுக்கி சின்ன சுவர் கட்டுவாங்க, பின்னாடி மணல் சேந்து சமதளமாகும், மட்டிக்கு ஏத்த உயரத்துல இடம் பெருகும், உடைஞ்ச ஓட்டுத் துண்டு கலந்திருக்கறதால மண்ணுல சுண்ணாம்பும் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவோட குவாட்ரா தீவுல இருக்கறதுல சிலது குறைஞ்சது 3,500 வருஷம் பழசு. வாஷிங்டன்ல ஸ்வினோமிஷ் மக்கள் 2022ல புதுசா ஒண்ணு கட்டினாங்க.

நாங்க சும்மா பொறுக்கப் போறவங்க, எங்களால என்ன ஆகும்?

மட்டி தோண்டின குழியை மூடுங்க, வாஷிங்டன்ல அது சட்டமே. குவிச்சு விட்ட மணலுக்கு அடியில மாட்டற சின்ன மட்டி மூச்சு முட்டி செத்துடும், மூடாத குழியோரம் இருக்கறது வெயில்ல காயும். புரட்டின கல்லை அதே பக்கம் திருப்பி வைங்க. ஆய்ஸ்டர் எடுத்தா கரையிலயே ஓட்டை உடைச்சு சதையை மட்டும் எடுத்துட்டு ஓட்டை எடுத்த உயரத்துலயே போட்டுட்டு வாங்க, இதுவும் அங்க சட்டம் தான், ஏன்னா அடுத்த கோடையில நீந்தி வர்ற ஆய்ஸ்டர் குஞ்சு ஒட்டிக்கத் தேடறது பழைய ஆய்ஸ்டர் ஓட்டைத் தான்.